மெசின் வாளைக் கவனிப்போம், கைகால்களைக் காப்போம்



மே மாதக் காற்றும் மழையும் தொடங்குவதற்கு முன் மலைநாட்டுத் தோட்டங்களில் மரம் வெட்டும் வேலை அதிகரிக்கும். லயத்துக் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் டர்பன்டைன் மரம், ரோட்டு ஓரத்துச் சவுக்கு மரம், பெக்டரிக்குத் தேவையான விறகு மரம் என்று பலவும் விழுத்தப்படும். ஒரு காலத்தில் கோடரியும், இரண்டு பேர் இழுக்கும் வாளும் செய்த இந்த வேலையை இன்று மெசின் வாள், அதாவது செயின்சோ, செய்கிறது. நம்ம பிள்ளைகளில் பலர் இதையே தொழிலாகப் பழகி, தோட்டத்திலும் வெளியிலும் கொந்தரப்பு எடுத்துச் செய்கிறார்கள்.

மரம் விழும்போது கவனமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் மெசின் சரியில்லை என்றால், மரம் விழுவதற்கு முன்பே ஆபத்து வந்துவிடும். அதுமட்டுமல்ல, பராமரிப்பு இல்லாத மெசின் பெற்றோலைக் கூடக் குடிக்கும், நாள் வேலையைக் குறைக்கும், கடைசியில் ஒரு மாத உழைப்பைக் கராஜுக்குக் கொடுக்க வைக்கும். நாமே செய்யக்கூடிய பராமரிப்பு எது, பாஸிடம் கொடுக்க வேண்டியது எது என்பதை இங்கே பார்ப்போம்.

மொட்டைச் செயின்தான் பொல்லாதது

"கூரான செயின் ஆபத்து, கொஞ்சம் மொட்டையா இருந்தா பயமில்ல" என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கூரான செயின் தானாக மரத்துக்குள் இறங்கும். நாம் மெசினைப் பிடித்து வழிகாட்டினால் போதும். மொட்டைச் செயின் இறங்காது. அதனால் நாம் மெசினை அழுத்துகிறோம். அழுத்தும்போது உடம்பின் பாரம் முன்னால் போகிறது, கால் பிடி தளர்கிறது, கை சீக்கிரம் களைக்கிறது. வெட்டு முடிந்து மெசின் திடீரென்று வெளியே வரும்போது அது நம் முழங்காலை நோக்கித்தான் வரும். ஓடும் செயின் ஒரு செக்கனுக்கு 20 மீற்றர் அளவில் பாயக்கூடியது. சுதாரிக்க நேரம் கிடைக்காது.

செயின் மொட்டையாகிவிட்டதை எப்படி அறிவது? கீழே விழும் தூளைப் பாருங்கள். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மொட்டைச் செயின் மாவு போன்ற தூளைத்தான் தரும். ஒயில் போதுமான அளவு இருந்தும் வெட்டும் இடத்தில் புகை வந்தால், அழுத்தாமல் இறங்காவிட்டால், வெட்டு ஒரு பக்கமாகக் கோணிப் போனால் மெசினை நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள்.

பல் வெட்டும் விதம்

அராவும் முன் பல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்று உலகம் முழுவதும் ஓடும் செயினின் பல் வடிவத்துக்கு வழிகாட்டியது ஒரு புழு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிய ஜோசப் காக்ஸ் என்பவர், 1946 இல் மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு ஒன்றைக் கவனித்தார். அது தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமும் மாறி மாறிச் சீவிக்கொண்டு மரத்துக்குள் போனது. அதைப் பார்த்து இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வரும் செயினை அவர் செய்தார். அடுத்த வருடம் அது விற்பனைக்கு வந்தது.

ஒவ்வொரு பல்லிலும் இரண்டு பகுதிகள் உண்டு. பின்னால் இருப்பது வெட்டும் பல். அதற்கு முன்னால் சுறாவின் செட்டை போல ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அந்த மேடுதான். பல்லின் உச்சியைவிட மேடு பொதுவாக 0.65 மில்லிமீற்றர் பதிந்திருக்க வேண்டும். அதிகம் பதிந்தால் பல் பெருந்துண்டாகக் கடித்து மெசினை உதறும். பதியாமல் உயர்ந்து நின்றால், பல் எவ்வளவு கூராக இருந்தாலும் வெட்டாது.

அராவும் முறை

முதலில் சரியான அரம் வேண்டும். செயினின் அளவு அதன் பெட்டியிலும் மெசின் புத்தகத்திலும் இருக்கும். சிறிய மெசின்களில் வரும் 3/8 அங்குல லோ புரொபைல் செயினுக்கு 4 மில்லிமீற்றர் வட்ட அரம். 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீற்றர். பெரிய மெசின்களின் 3/8 அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீற்றர். கடையில் கிடைத்த ஏதோ ஓர் அரத்தால் அராவினால் பல்லின் வடிவமே கெட்டுப்போகும்.

எஞ்சினை நிறுத்துங்கள். கைக்குத் தடித்த உறை போடுங்கள். மலையில் வேலை செய்யும் இடத்தில் வைஸ் கிடைக்காது. ஒரு அடிக்கட்டையில் ஏற்கனவே வெட்டிய வெட்டுக்குள் பாரை இறுக்கி நிறுத்தினால், மெசின் ஆடாமல் நிற்கும். பிறகு இப்படிச் செய்யுங்கள்:

1. மிகவும் தேய்ந்த பல்லைத் தேடி அதிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பல்லின் நீளம்தான் மற்றப் பற்களுக்கும் அளவு.

2. அரத்தைப் பல்லின் உட்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது பல்லில் படாமல் தூக்கி எடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் போகும், பல்லும் போகும்.

3. சாய்வு பொதுவாக 30 பாகை. பல செயின்களில் பல்லின் மேல் தகட்டில் ஒரு சிறு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்குச் சமாந்தரமாக அரத்தைப் பிடித்தால் போதும்.

4. அரத்தின் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் உச்சிக்கு மேலே தெரிய வேண்டும்.

5. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கத்துப் பற்களை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கத்துப் பல் கட்டையாகவும் இருந்தால் வெட்டு கோணும்.

6. நாலைந்து தடவை அராவிய பின், மேட்டின் உயரத்தை அளவுத் தகடு வைத்துப் பாருங்கள். உயர்ந்து நின்றால் தட்டை அரத்தால் மெதுவாக இறக்கி, அதன் முன் விளிம்பை மறுபடி உருட்டி விடுங்கள்.

18 அங்குலப் பாரில் ஓடும் செயினில் பொதுவாக 30 க்கு மேற்பட்ட பற்கள் இருக்கும். பழகிய கைக்குக் கால் மணித்தியாலம் போதும். மொட்டையாகும் வரை காத்திராமல், பெற்றோல் ஊற்றும் நேரங்களில் இரண்டு தள்ளுத் தள்ளிக் கொண்டால் வேலையும் குறையும், செயினும் கூட நாள் உழைக்கும். பல்லின் நீளம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால், அல்லது எந்த இணைப்பிலாவது வெடிப்புத் தெரிந்தால், அந்தச் செயினை வீசிவிடுங்கள். ஆணி அடித்து ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம். அறுந்த செயின் சவுக்கடி போலத் திரும்பி வரும்.

செயின் இழுவையும் பாரும்

பாரின் மூக்கைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நட்டுகளை இறுக்குங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தைத் தொட்டபடி இருக்க வேண்டும். ஆனால் பிரேக்கை விடுவித்து, உறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். தொங்கும் செயின் பாரை விட்டுக் கழன்று வரும். அதிகம் இறுக்கிய செயின் பாரையும் கிளச்சையும் தின்றுவிடும்.

சூடாகும்போது செயின் நீளும். அதனால் வேலைக்கு நடுவில் இறுக்க வேண்டி வரும். மாலையில் வேலை முடிந்ததும் அதைத் தளர்த்த மறக்காதீர்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து இரவுக் குளிரில் செயின் சுருங்கும். இறுக்கியபடியே விட்டால் அந்த இழுவை முழுவதும் எஞ்சினின் தண்டிலும் பெயாரிங்கிலும் விழும்.

பாரின் காடிக்குள் ஒயிலும் தூளும் சேர்ந்து களி போல இறுகியிருக்கும். ஒவ்வொரு நாளும் அதைச் சுரண்டி எடுங்கள். ஒயில் வரும் சிறு துவாரத்தையும் குத்தித் துப்புரவாக்குங்கள். விளிம்பில் பிசிர் எழும்பினால் தட்டை அரத்தால் நீக்குங்கள். பாரை அடிக்கடி மேல்கீழாகப் புரட்டிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். செயினை ஓட்டும் பற்சக்கரத்தில் அரை மில்லிமீற்றருக்கு மேல் பள்ளம் விழுந்தால் அதை மாற்ற வேண்டும். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயின் போட்டால் புதுச் செயினும் கெடும்.

செயின் ஒயில்

ஒரு டாங்கி பெற்றோல் முடியும்போது செயின் ஒயிலும் ஏறக்குறைய முடிந்திருக்க வேண்டும். ஒயில் அப்படியே இருந்தால் செயினுக்குப் போகவில்லை என்று அர்த்தம். சோதிப்பது இலகு. வெள்ளையாக வெட்டிய கட்டைக்கு ஒரு சாண் தள்ளி பாரின் மூக்கைப் பிடித்து, மெசினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கட்டையில் ஒயில் கோடு விழ வேண்டும். மூக்கு கட்டையில் படக்கூடாது.

லொறியில் இருந்து வடித்த கறுத்த ஒயிலைச் சிலர் ஊற்றுகிறார்கள். காசு மிச்சம் போலத் தெரியும். ஆனால் அதில் உள்ள இரும்புத் தூள் பம்பைக் கெடுக்கும். ஓடும் செயின் அந்த ஒயிலை நம் கையிலும் உடுப்பிலும் தெளிக்கும். பழைய எஞ்சின் ஒயில் தோலில் நெடுநாள் படுவது புற்றுநோய்க்கும் காரணமாகலாம். அந்த உடுப்பைக் கையால் துவைப்பவர் வீட்டுப் பெண் என்பதையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

பெற்றோல் கலவை

இந்த எஞ்சினுக்குள் தனியாக ஒயில் இல்லை. பெற்றோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஒயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. நல்ல தரமான ஒயில் என்றால் பெரும்பாலான மெசின்களுக்கு 50 க்கு 1. அதாவது 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். சாதாரண டூ ஸ்ட்ரோக் ஒயிலுக்கு 25 க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் 5 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். "நிறம் வந்தா போதும்" என்று கண்மட்டத்தில் ஊற்ற வேண்டாம். அளவுப் போத்தல் வாங்கிக் கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் ஊற்றும் போர் ஸ்ட்ரோக் ஒயில் இதற்கு உதவாது.

ஒயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிடும். அப்புறம் இரண்டையும் மாற்றத்தான் வேண்டும். கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். டாங்கியில் ஊற்றும் முன் கானைக் குலுக்குங்கள். நெடுநாள் வேலை இல்லையென்றால் டாங்கியைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு வையுங்கள்.

எயார் பில்டரும் பிளக்கும்

எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. எயார் பில்டர் தூளால் அடைபட்டால் சக்தி குறையும், பெற்றோல் கூடச் செலவாகும். ஒவ்வொரு நாளும் கழற்றித் தட்டுங்கள். அழுக்கு ஒட்டியிருந்தால் இளஞ்சூட்டு சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். பில்டர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவில் தூள் அடைந்தால் எஞ்சின் கொதிக்கும். அதையும் துடைத்து எடுங்கள்.

பிளக்கின் நுனி எஞ்சினின் நாக்கு மாதிரி, அதைப் பார்த்து நோய் சொல்லலாம். இளம் மண்ணிறம் என்றால் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் ஒயில் கூடிவிட்டது, அல்லது பில்டர் அடைத்திருக்கிறது. வெளிறி வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவாகப் போகிறது. அப்போது மெசினை நிறுத்தி பாஸிடம் காட்டுங்கள். பிளக்கின் இடைவெளி பொதுவாக அரை மில்லிமீற்றர்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால்

பலர் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப் போவார்கள். ஒழுங்காகப் பாருங்கள். சுவிட்ச் போட்டிருக்கிறதா? புதுப் பெற்றோலா? பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெற்றோல் நிறைந்துவிட்டது. பிளக்கைத் துடைத்து, சுவிட்சை நிறுத்தி, பிளக் இல்லாமல் ஏழெட்டுத் தடவை கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. பிளக் காய்ந்தே இருந்தால் பெற்றோல் வரவில்லை. டாங்கிக்குள் இருக்கும் சிறு பில்டரைக் கம்பியால் இழுத்து எடுத்து மாற்றுங்கள்.

ரேஸ் பண்ணாதபோதும் செயின் ஓடுகிறதா? அது பெரிய ஆபத்து. அடியோட்ட ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளச் ஸ்பிறிங் போயிருக்கலாம். அது பாஸின் வேலை. கார்பரேட்டரில் எச் என்ற ஆங்கில எழுத்துள்ள ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அதை இறுக்கினால் எஞ்சின் வேகமாகப் பாடும், ஆனால் சீக்கிரம் எரியும். ஸ்டார்ட்டர் மூடியைப் பழக்கமில்லாமல் திறக்க வேண்டாம். உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிறிங் துள்ளிக் கண்ணில் அடிக்கும்.

பிரேக் இல்லாத மெசினைத் தொட வேண்டாம்

ஓடும் பாரின் மூக்கில் மேல்பாதி எதிலாவது பட்டால், மெசின் கண் இமைக்கும் நேரத்தில் மேலே எகிறி முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். அதைத் தடுக்கத்தான் முன் கைப்பிடிக்கு முன்னால் பிரேக் இருக்கிறது. காலையில் மெசினை நிலத்தில் வைத்து, பிரேக்கைப் போட்டுக்கொண்டே ஸ்டார்ட் செய்து, இரண்டு மூன்று செக்கன் மட்டும் ரேஸ் பண்ணுங்கள். செயின் அசையக்கூடாது. அசைந்தால் அன்றைக்கு அந்த மெசினுக்கு வேலை இல்லை.

செயின் அறுந்தால் பிடிக்கும் கொக்கி, ரேஸ் தானாக விழாமல் தடுக்கும் பூட்டு, நிறுத்தும் சுவிட்ச், அதிர்வைத் தாங்கும் ரப்பர் ஆகியவற்றையும் பாருங்கள். ரப்பர் கெட்டால் நடுக்கம் முழுவதும் கைக்கு வரும். குளிர்காலைகளில் விரல் வெளுத்து, மரத்துப் போவதாகச் சிலர் சொல்வார்கள். அது வெறும் குளிர் அல்ல, அதிர்வால் இரத்த ஓட்டமும் நரம்பும் கெடுவதன் அறிகுறி. மலைநாட்டுக் குளிர் அதைக் கூட்டும். கையைச் சூடாக வைத்திருங்கள், ஆள் மாறி மாறி வேலை செய்யுங்கள், டொக்டரிடம் காட்டுங்கள்.

கொந்தரப்பு வேலையில் மெசின் வேறொருவருடையதாக இருக்கும். "பிரேக் இல்லாட்டியும் வெட்டும், நீ போ" என்று சொல்பவர்கள் உண்டு. உதவியாளாகப் போகும் இளம் பையன்கள் வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறப்பதில்லை. மெசின் அவருடையது, உடம்பு நம்முடையது. பழுதைத் தலைவரிடமோ கங்காணியிடமோ சொல்லி, திருத்திய பிறகு தொடுவதில் வெட்கம் இல்லை. ஒருவருக்குக் கால் போனால் அந்தக் காம்பராவில் உள்ள எல்லோருக்கும் சாப்பாடு போகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியது

மெசினையும் பெற்றோலையும் காம்பராவுக்குள் வைக்காதீர்கள். பெற்றோல் ஆவி நிலத்தோடு படர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். ஒரு லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் பக்கத்துக் காம்பராக்களும் தப்பாது. பூட்டு உள்ள வெளிக் கொட்டிலில் வையுங்கள். சோடாப் போத்தலில் பெற்றோல் ஊற்றி வைக்கவே வேண்டாம், தாகத்துக்குப் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். பெற்றோல் ஊற்றிய இடத்தில் இருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். இஸ்தோப்பில் அராவும்போது சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

காயம் பட்டால் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்திப் பிடித்தபடி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். வேலை நேரத்தில் பட்ட காயத்தை அன்றைக்கே ஒபிசில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நட்ட ஈடு கேட்கும்போது அந்தப் பதிவு உதவும்.

மெசின் வைக்கும் இடத்தில் ஒட்டி வைக்க

காலையில்: பிரேக், சுவிட்ச், ரேஸ் பூட்டு, செயின் இழுவை, நட்டுகள்.

ஒவ்வொரு முறை பெற்றோல் ஊற்றும்போது: எஞ்சினை நிறுத்துதல், செயின் ஒயில் நிரப்புதல், பல்லுக்கு இரண்டு தள்ளு.

மாலையில்: பில்டர் தட்டுதல், பார்க் காடி சுரண்டுதல், தகடுகளில் தூள் எடுத்தல், செயினைத் தளர்த்துதல்.

கிழமைக்கு ஒரு முறை: பிளக், பற்சக்கரம், ஸ்டார்ட்டர் கயிறு, ரப்பர்கள், பாரைப் புரட்டுதல்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதை வெட்டி எடுத்து, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.